ஒன்பதாவது பாட்டு

நெல்வினின் ஆறாவது ஆல்பம் வந்த பிறகுதான் சபைகள் அவனைப் பாடக் கூப்பிடுவது நின்றது. அதற்கு முன் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை அவன் பாடாத ஜெபக்கூட்டம் இல்லை. அதை நம்பித்தான் ஷூ கம்பெனி வேலையை விட்டிருந்தான்.

காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "எட்டுப் பாட்டும் நல்லாத்தான் இருக்குது பிரதர். அந்த ஒன்பதாவதைத்தான் கேக்க முடியல."

அவன் பாடிப் பதிவு செய்தது எட்டுதான். அட்டையில் அச்சாகியிருந்ததும் எட்டுதான். இதைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. வாணியம்பாடி பாஸ்டரிடம் எரிச்சலாகவே கேட்டான்.

"அதுல நான் இன்னாதான் பாடறேன், ஐயா?"

"அதை என் வாயால சொல்ல வெக்காதீங்க தம்பி," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த மனைவி ஃபீபியிடம் செல்போனை நீட்டினான். "ஒரே பேஜாரா இருக்குது. நீயாவது கடைசி வரைக்கும் கேட்டு, எத்தினி பாட்டுன்னு சொல்லு."

அவள் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் எதிரிலேயே நின்று திரையைப் பார்த்து எண்ணினான். எட்டாவது பாட்டு முடிந்து திரை அணைந்தது. ஃபீபி இயர்போனைக் கழற்றவில்லை. சற்று நேரத்தில் அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

ஒரு பக்கத்து இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான். ஒரு சத்தமும் இல்லை.

"ஒண்ணுமே இல்லியே. கழட்டு அதை," என்றான்.

ஃபீபி எட்டி அவன் வாயைப் பொத்தினாள்.

"இருங்க," என்றாள். "நீங்க இன்னும் முடிக்கல."