முதலில் ஊசியா, ஸ்பீக்கரா?

"முதல் ஊசியை வாங்கு கிறகரி! ஸ்பீக்கர் எல்லாத்துக்கும் கடைசி!"

நீக்கிலாப்பிள்ளை கத்திய கத்தலில், பழைய சாமான் கடைக்காரர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

கிறகரி அசையவில்லை. இடுப்பளவு உயரமான இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில், இரண்டு தோளிலும் கை போட்டதுபோல் நின்றான். மட்டக்களப்பிலிருந்து அவன் மனைவி மாக்கிரட் ஞாயிற்றுக்கிழமை கனடாவின் மொன்றியலுக்கு வருகிறாள். நாட்டில் நடக்கும் சண்டை அவர்களைப் பிரித்து மூன்று வருடமாகிவிட்டது. அவள் வந்து இறங்கும் அன்றைக்கே வீட்டில் பாட்டுப் போட வேண்டும் என்பது அவன் ஆசை. றெக்கோட் சுற்றும் மிசினும் அம்பிளிபயரும் எப்படியோ சேர்த்துவிட்டான். மிசினில் இருந்த ஊசிதான் தேய்ந்த ஊசி. கையிலிருந்த காசுக்கு ஒன்று புது ஊசி வாங்கலாம், இல்லாவிட்டால் இந்தப் பெட்டிகளை வாங்கலாம்.

நீக்கிலாப்பிள்ளை அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருப்பவர். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியவர்.

"இஞ்சை பார். தட்டிலை கிடக்கிற பாட்டை எடுக்கிறதே ஊசிதான். அது மொட்டையெண்டால், நீ தேவாலயம் அளவு ஸ்பீக்கர் வைச்சாலும் கரகரப்புத்தான் பெரிசாக் கேக்கும். முதல் ஊசி, பேந்து மிசின், பேந்து அம்பிளிபயர். ஸ்பீக்கரை ஆறுதலா வாங்கலாம்."

"கரகரத்தாக் கரகரக்கட்டும் அண்ணே. எனக்கு டும் டும் எண்டு விழவேணும்."

"பாடுறவன்ரை குரல் கேக்க வேண்டாமே?"

"குரல மறுகா பாப்பம்."

"உனக்கென்ன விசரே?"

"ஓம் அண்ணே, நல்ல விசர்!" என்று சிரித்த கிறகரி, பெட்டிகளுக்குக் காசைக் கொடுத்தான்.

வெளியே பனி. பெட்டிகளைக் கண்டதும் பஸ் சாரதி, "நோ, நோ!" என்று கதவைச் சாத்திவிட்டார். கடைக்காரர் மனமிரங்கித் தன் மகனின் சறுக்குவண்டியை இரவல் கொடுத்தார். இருவரும் பெட்டிகளைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டி இழுத்தார்கள். செயின்ட்-மிஷேல் தெருவின் இறக்கத்தில் கயிறு கை நழுவியது. வண்டி ஓடியது. பின்னால் கிறகரி ஓடினான். முன்னால் மறிக்கப் போன நீக்கிலாப்பிள்ளை கால் சறுக்கி நேரே பெட்டியின்மேல் விழ, அவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்ப் பனிக்குவியலில் முட்டி நின்றது.

ஜன்னலில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி, "பிராவோ!" என்று கை தட்டினாள். நீக்கிலாப்பிள்ளைக்குக் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் கேக்கோடு வந்தார்.

"வாங்கோ தங்கச்சி, பயணமெல்லாம் சுகமே?"

மாக்கிரட் வாய் நிறையச் சிரித்தாள். தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. புது இடம், புது ஆட்கள், வெட்கமாக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கிறகரி தரை விரிப்பைச் சுருட்டத் தொடங்கினான்.

"ஏன்ரா அதைச் சுருட்டுறாய்? அது கிடந்தால்தானே சத்தம் அடங்கி வடிவாக் கேக்கும்!"

"அடங்கக் கூடாதண்ணே!"

பலகைத் தரை வெளியே வந்தது. மாக்கிரட் காலுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு நடுவில் போய் நின்றாள். கிறகரி ஆட்டம் போட வைக்கும் ஒரு பைலா றெக்கோட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசி மட்டும் திருகினான்.

தரை அதிர்ந்தது. தட்டில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. பாடகரின் குரல் தகரத்தில் ஆணி கீறியதுபோல் வந்தது. கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையில் இடித்தார். அதுவும் தாளத்துக்கே விழுந்தது. மாக்கிரட்டின் கண்கள் அகல விரிந்தன. கலகலவென்று சிரித்தபடி கிறகரியின் கையைப் பிடித்து இழுத்து ஆடத் தொடங்கினாள். குரலைக் கேட்டு முகம் சுளித்துக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளையின் காலும் தானாக ஆடியது.

திடீரென்று அவள் நின்றாள். அறையின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடந்து பார்த்தாள். பிறகு இடப்பக்கப் பெட்டியைக் காட்டி, சரியில்லை என்று தலையாட்டினாள்.

"அது நல்லாத்தான் பாடுது தங்கச்சி! நானல்லோ பூட்டினனான்," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

அவள் விடவில்லை. அவளைச் சமாளிப்பதற்காக அவர் பெட்டியின் முதுகைக் கழற்றினார். உள்ளே பெரிய ஸ்பீக்கருக்குப் போகும் வயர் விடுபட்டுத் தொங்கியது. சின்னது மட்டும் தனியே பாடிக்கொண்டிருந்திருக்கிறது. வயரைக் கொழுவியதும் தரை இரண்டு மடங்காகத் துள்ளியது. மாக்கிரட்டும் துள்ளினாள்.

நீக்கிலாப்பிள்ளை தலையில் கை வைத்தார்.

"கிறகரி! எத்தினை கல்யாண வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டினவன் நான், எனக்கே பிடிபடேல்லை. இந்த மொன்றியலிலை இப்பிடியொரு காது ஒருத்தருக்கும் இராதடா!"

கிறகரி ஆடிக்கொண்டே சொன்னான்:

"பிறந்ததில இருந்து அவளுக்குக் காது கேக்காது அண்ணே. பாட்டெல்லாம் உள்ளங்காலாலதான்."