எரியாத பச்சை விளக்கு

கேமராவின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை.

நேற்று சாயங்காலம் எரிந்ததுதான். ரிச்சி தெருவிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் இனாயத், கம்ப்யூட்டரின் பின்பக்கத்து யுஎஸ்பி துளையில் வயரைச் செருகிய உடனே பளிச்சென்று எரிந்தது. மந்தைவெளி வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, திரையில் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது சாயங்காலம் மணி ஆறு. ஏழு மணிக்கு, சிகாகோவில் பொழுது விடிந்த கையோடு, ஸ்ரீகிருஷ்ணா இன்டர்நெட்டில் வருவான். நாலு மாத மகளை முதல்முறையாகப் பார்ப்பான்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கிற நொடியில் எந்தக் கம்ப்யூட்டரும் தேதி குழம்பி நின்றுவிடக் கூடாது. அதற்காக அங்கே ராப்பகலாக உழைக்கும் கூட்டத்தில் அவனும் ஒருவன். புது வருஷம் வரை லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. அதனால்தான் இந்தக் கேமராவை வாங்கி நண்பனிடம் கொடுத்தனுப்பியிருந்தான்.

அவன் மனைவி ஸ்ரீலக்ஷ்மி போன் செய்த அரை மணியில் இனாயத் மறுபடி வந்துவிட்டான். அமெரிக்கக் கேமராவை மந்தைவெளிக் கொசு கடித்துவிட்டதோ என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

முதலில் திரையில் கருவிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தான். பழுது என்று எதையும் அது காட்டவில்லை. கேமரா என்று ஒன்று இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

மெஷினை அணைத்துப் போட்டான். பக்கத்துத் துளைக்கு மாற்றினான். தன் பையிலிருந்து ஒரு மவுஸை எடுத்துச் செருகினான். அதுவும் செத்துக் கிடந்தது.

அப்படியென்றால் கேமராவில் கோளாறில்லை என்றான். இரண்டு துளையும் ஒரே ராத்திரியில் ஊமையாகிவிட்டிருக்கின்றன. ஏன் என்றுதான் அவனுக்குப் புரியவில்லை. ஏழு வருஷ சர்வீஸில் இப்படிப் பார்த்ததில்லை என்றபோது, கவலையைவிட ஆவல்தான் அவன் குரலில் இருந்தது. ஸ்ரீலக்ஷ்மிக்கும் அது தொற்றிக்கொண்டது.

ஹால் திரைச்சீலைக்குப் பின்னால் மாமனார் சுப்பராமன் நின்றிருந்தார். சரியாகிவிடுமா என்று இதோடு நாலாவது தடவை கேட்டாகிவிட்டது. பிள்ளையைப் பார்க்க அவ்வளவு தவிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

இனாயத் பெட்டியை மேஜைமேல் திருப்பி வைத்து, டார்ச்சை அடித்தான். வெகு நேரம் குனிந்தே இருந்தான். பிறகு ஸ்க்ரூடிரைவரின் நுனியால் உள்ளே லேசாகச் சுரண்டி, முகர்ந்து பார்த்தான்.

சந்தனம்.

ஸ்ரீலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுத பூஜை. கத்தரிக்கோல், தையல் மெஷின், ஃபிரிஜ் எதையும் விடாமல் பொட்டு வைத்தது மாமியார் விசாலாக்ஷிதான்.

அடுக்களையிலிருந்து வந்த விசாலாக்ஷிக்குக் கோபமான கோபம். டிவி மாதிரி இருப்பதற்கு நெற்றியில் ஒன்று, டைப்ரைட்டர் மாதிரி இருப்பதற்கு ஓரத்தில் ஒன்று, அவ்வளவுதான் வைத்தேன். முதுகில் போய்ப் பொட்டு வைக்க எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டாள்.

இனாயத் விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், பூஜை முடிஞ்சி மூணு வாரம் ஆச்சு. இது இன்னும் ஈரமா கீது."

ஸ்ரீலக்ஷ்மியின் சிரிப்பு நின்றது.

இந்த வீட்டில் தினமும் காலையில் சந்தனம் அரைப்பது ஒருவர்தான். டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் லைன் பார்த்தவர். ஓர் இணைப்பைத் துண்டிக்க வயரை வெட்ட வேண்டாம், முனையில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே போதும் என்று தெரிந்தவர்.

அவள் திரைச்சீலையை விலக்கினாள்.

சுப்பராமன் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆகஸ்டில் அவருக்கு வந்த பக்கவாதம், எடுத்துக்கொண்ட கையையும் காலையும் ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது. உதட்டின் இடது ஓரத்தை மட்டும் கீழே இழுத்தபடியே வைத்துக்கொண்டது. பேச்சு ஏன் குழறுகிறது என்று ஸ்ரீகிருஷ்ணா போனில் கேட்டபோது, அப்பா பல்செட் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னவள் ஸ்ரீலக்ஷ்மிதான்.

"அவன் பாத்தான்னா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுவாம்மா" என்றார்.

வந்துவிட மாட்டானா என்று அவளுக்கும்தான் இருந்தது.

சுத்தம் செய்துவிடச் சொல்லி இனாயத்திடம் தலையசைத்தாள். அவன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தான்.

மெஷின் மறுபடி உயிர் பெற்று எழுந்தபோது ஏழாக ஐந்து நிமிஷம். பச்சை விளக்கு எரிந்தது.

ஸ்ரீலக்ஷ்மி நாற்காலியைப் பக்கத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். மஞ்சள் கவுனில் இருந்த மகளைத் தூக்கி வந்தாள்.

"இவளை மடியில வெச்சுண்டு, இவளையே பாத்துண்டு உக்காருங்கோப்பா."

உட்கார்ந்தார். திரையின் சின்னச் சதுரத்தில், பேத்தியைக் குனிந்து பார்க்கும் ஒரு வலது கன்னம் மட்டும் தெரிந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

முழு முகமும் குழந்தைக்குத்தான் தெரிந்தது. அது பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அதற்கு நினைவு தெரிந்த நாளாய் தாத்தாவின் முகமே அப்படித்தான்.