பன்னிரண்டாவது கேள்வி

“எங்க தெருவுல அப்படி யாரும் கெடையாது. நீ கெளம்பு!”

தனகோட்டி உதறிய ஈரப் புடவையின் தண்ணீர், எழில்மதியின் கையிலிருந்த தாள்களில் தெறித்தது.

“கோவப்படாதீங்கம்மா. ஆய்வுக்காகத்தான் கேக்கறேன். பேர்கூட எழுத மாட்டோம். எச்.ஐ.வி. இருக்கற ஒருத்தர் சமைச்சா நீங்க சாப்பிடுவீங்களா? அவ்வளவுதான் கேள்வி.”

“இல்லாத ஆளு சமைக்கறத நான் எதுக்கு சாப்பிடணும்? வேற வேல இல்ல உனக்கு?”

நிலக்கரிச் சுரங்கத்துக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் தெரு அது. வடக்குத்து ஊரின் ஓரத்தில் மொத்தம் பதினேழு வீடுகள்.

எழில்மதி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அதே சுரங்கத்தில் பெர்மனென்ட் ஊழியர். சமூகப்பணி முதுகலை இரண்டாம் வருடம். எச்.ஐ.வி. உள்ளவர்களை அக்கம்பக்கம் எப்படி நடத்துகிறது என்பதுதான் அவள் ஆய்வு.

வயது, படிப்பு, வேலை என்று முதல் பதினோரு கேள்விகளுக்கும் எல்லாரும் நன்றாகத்தான் பதில் சொன்னார்கள். ஒரு வீட்டில் மோர்கூடக் கொடுத்தார்கள். பன்னிரண்டாவதாக இந்தச் சமையல் கேள்வி வந்ததும் முகம் மாறிவிடும்.

“செகண்ட் ஷிப்ட்டுக்கு நேரமாவுது” என்று கொளஞ்சிநாதன் பாதியிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொரு வீட்டில் கதவையே சாத்தினார்கள்.

பதினாறு வீடு முடிந்தது. பதினாறிலும் அதே கதைதான்.

‘அறியாமை அதிகம். வெறுப்பு அதைவிட அதிகம்’ என்று நோட்டில் எழுதிவிட்டுக் கடைசி வீட்டுக்குப் போனாள்.

அங்கே டெய்சி தனியாக உட்கார்ந்து மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். காலையில் வாசலில் ஆப்பக் கடை போடுகிறவள். முப்பது வயதுதான் இருக்கும்.

“உள்ள வந்து கேளுங்க” என்று கதவை ஒருக்களித்தாள்.

பன்னிரண்டாவது கேள்வி வந்தது. டெய்சி கையிலிருந்த மாவை மெதுவாக வழித்தாள்.

“பேரு எழுத மாட்டீங்கல்ல?”

“சத்தியமா மாட்டோம்க்கா.”

“நாலு வருஷமா இந்தத் தெருவே சாப்பிட்டுக்கினுதாங்க இருக்குது.”

எழில்மதிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“வூட்டுக்காரரு செத்த பொறவு எனக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. இருந்துது. தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு மாசா மாசம் கடலூர் போயி மாத்திரை வாங்கிக்கினு வரேன். இது வரைக்கும் ஒருத்தருகிட்டயும் வாயத் தொறந்ததில்ல.”

“சமையல்ல இது பரவாதுக்கா.”

“எனக்குத் தெரியுங்க. இவங்களுக்குத் தெரியுமா? வெவரம் வெளிய வந்தா ஒரு ஆப்பம் போவுமா? எம் பொண்ண யாராவது வெளையாட்டுல சேத்துக்குவாங்களா?”

எழில்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது தெருவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஜனங்களுக்கு நடுவில் டெய்சி எப்படித்தான் மூச்சு விடுகிறாளோ!

“பாப்பா, நில்லு!”

தனகோட்டி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“கடைசி வூட்டுல ரொம்ப நேரம் இருந்தியே?”

எழில்மதியின் முகம் இறுகியது. “யாரு என்ன சொன்னாங்கன்னு வெளிய சொல்ல மாட்டோம்மா.”

“சொல்லாத. நானும் கேக்கல. நான் சொல்றத நீ கேளு.” தனகோட்டி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டு வருஷம் முந்தி எங்க வூட்டுக்காரர கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். அந்த மாத்திரை குடுக்கற எடத்துல டெய்சி நிக்கறத பாத்துட்டேன். அது என்னைப் பாக்கல. வந்து வாய வச்சிக்கினு சும்மா இருந்தனா? நாலு பேருகிட்ட சொல்லிட்டேன். தப்புதான்.”

எழில்மதி அவளை முறைத்துப் பார்த்தாள்.

“ஒரு வாரம் ஒருத்தரும் ஆப்பம் வாங்கல. நானும்தான் வாங்கல, பொய் சொல்ல மாட்டேன். அது என்னாடான்னா, ‘மாவு புளிச்சிடுச்சாக்கா, எங் கைப்பக்குவம் போயிடுச்சாக்கா’ன்னு வூடு வூடா வந்து கேட்டு அழுவுது. மனசு கேக்கல. ஆரு பேரையும் சொல்லாம நர்சம்மாகிட்ட போயி வெவரம் கேட்டோம். சாப்பாட்டுல ஒண்ணும் வராதுன்னாங்க. மறுநாளு காலையில ஆறு மணிக்கு மொத ஆளா நான்தான் போயி நின்னேன்.”

“அப்புறம் ஏம்மா… நான் கேட்டப்ப அப்படித் தொரத்தினீங்க?”

“தெருவுல நின்னுக்கினு சத்தமா கேக்கறியே, டெய்சி காதுல வுழாதா? ‘சாப்பிடுவோம்’னா, யார மனசுல வச்சிக்கினு சொல்றாங்கன்னு பயந்துக்கும். ‘மாட்டோம்’னா அங்கியே செத்துடும். நாங்க என்னாதான் சொல்றது?”

பஸ் வந்து நின்றது. எழில்மதிக்குக் கண் கலங்கிப் படிக்கட்டு சரியாகத் தெரியவில்லை. தனகோட்டி அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

“என்னா வேணா எழுதிக்க பாப்பா. ஆனா எங்க பதினாறு வூட்டுக்கும் தெரியும்னு மட்டும் அதுக்குத் தெரியவே கூடாது.”