நாற்பதுக்குள் இருபது பேர்

முதலில் அழுதது ஹெஸ்டர்தான். மேடையில் இருபதாவது பெயரையும் வாசித்துவிட்டார்கள். ரோவீனாவின் பெயர் வரவே இல்லை.

"பாவிங்க! இவங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று ரோவீனாவைக் கட்டிக்கொண்டு பொருமினாள். ரோவீனாவின் புத்தகங்களைப் பதிப்பிப்பவள் அவள். லண்டனில் ரோவீனா மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஆளும் அவள்தான்.

நாற்பது வயதைத் தாண்டாத, நம்பிக்கை தரும் இருபது நாவலாசிரியர்கள் என்று ஓர் இலக்கியப் பத்திரிகை பத்து வருடத்துக்கு ஒருமுறை பட்டியல் போடும். பதிப்பகங்கள் அனுப்புகிற நாவல்களிலிருந்து நடுவர்கள் பொறுக்குவார்கள். ரோவீனாவுக்கு முப்பத்தொன்பது. அடுத்த பட்டியல் வரும்போது அவளை இளம் எழுத்தாளர் என்று பெற்ற தாய்கூடச் சொல்லமாட்டாள்.

ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரும்போதே வாங்கி வந்திருந்த பூங்கொத்தை ஜெம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜெம்மா அதே பதிப்பகத்துக்குப் புதுவரவு, வயது இருபத்தாறு, பட்டியலில் அவள் பெயர் இருந்தது. கொடுத்த கையோடு ஹெஸ்டர் ஓடிவந்து மறுபடியும் ரோவீனாவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரோட நாவலையும்தான் அனுப்பினேன். எல்லாம் அந்த டன்கன் பண்ண வேலை. கெழம் உன் நாவல்ல முதல் பக்கத்தையே தாண்டியிருக்காது."

ரோவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட வேலைக்கும் போய்க்கொண்டு, தூக்கத்தைத் தொலைத்து எழுதிய நாவல் அது. இதில் இடம் கிடைக்காவிட்டால் எழுத்தையே மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

நடுவர் டன்கன் சீஸ் தட்டுக்குப் பக்கத்தில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று போனவள், கையிலிருந்த சிவப்பு ஒயினை அவருடைய வெள்ளைச் சட்டைமேல் அப்படியே ஊற்றினாள்.

"அய்யோ, வேண்டாம் செல்லம்! வா, போயிடலாம்!" ஹெஸ்டர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு ஹெஸ்டர், கேட்காம வரமாட்டேன். ஏங்க, என் நாவல்ல என்ன குறை கண்டீங்க? இப்ப மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க!"

டன்கன் கைக்குட்டையை எடுத்துச் சட்டையை ஒற்றிக்கொண்டார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

"குறையா? கடையில வாங்கி ரெண்டு தடவை படிச்சேம்மா. அதை ஏன் அனுப்பலைன்னு நானே ஹெஸ்டருக்கு போன் பண்ணிக் கேட்டேன்."

ரோவீனாவின் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. டன்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு நாப்பது தாண்டிடுச்சுன்னு சொன்னாங்களே!"