தங்கள் விண்ணப்பம் கிடைத்தது

"நான் செஞ்சு தாரேனுங்க சார்" என்றாள் இளவேனில்.

பக்கத்து மேசையில் இருந்த சாமுவேல் அவளைத் திரும்பிப் பார்த்தான். இப்படியும் ஒரு பொண்ணா என்கிற மாதிரி.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மேனேஜர் கிருபாசங்கர் அந்த வேலையை அவனிடம்தான் சொன்னார். பம்ப் கம்பெனிக்கு ட்ரெய்னி எடுக்கிறார்கள். விண்ணப்பங்கள் மெயிலில் வந்து குவிகின்றன. ஆபீஸ் மெயில் எல்லாம் வந்து இறங்குகிற சர்வர் இவர்கள் அறையிலேயே இருக்கிறது. அதில் ஒரு ஃபில்டர் போட வேண்டும். முகவரியில் 'காலனி' என்று இருந்தால், அந்த மெயில் மேனேஜர் கண்ணில் படாமல் ஒதுங்கிவிட வேண்டும்.

"அது என்னால ஆகாதுங்க சார்" என்று சாமுவேல் சொல்லிவிட்டான்.

கிருபாசங்கர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது. ஆபீஸ் பெருக்குகிறவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எனக்கு அதெல்லாம் கிடையாதுங்க. நாளைக்கு ஃபேக்டரிக்குள்ள ஒரு பேச்சு வந்துபோடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்" என்றவர், நாற்காலியை இளவேனில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெளிய ஆள் வெச்சுச் செஞ்சா நாலு பேருக்குத் தெரிஞ்சுபோகும். சர்வர் நம்ம ஊட்டுக்குள்ளயே இருக்குது. நம்ம சமாச்சாரம் நம்மோட இருக்கட்டும். என்னங்க அம்மணி?"

"சரிங்க சார்."

அவள் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"சார், வெறும் காலனின்னு போட்டா பேங்க் காலனி, டாக்டர்ஸ் காலனியெல்லாம் சேர்ந்து போயிருமுங்களே?"

"அட ஆமாங்க! எம் மச்சான் ஊடே பேங்க் காலனிலதான். அவம் பையன் போட்டிருக்கறானே!" கிருபாசங்கர் பதறிப்போனார். "நல்ல வேளை சொன்னீங்க. அதையெல்லாம் விட்டுருங்க."

விட வேண்டிய காலனிகளை அவர் சொல்லச் சொல்ல அவள் சேர்த்துக்கொண்டே வந்தாள். எந்தக் காலனி எப்படிப்பட்ட காலனி என்பதில் அவருக்கு ஒரு இடத்திலும் தடுமாற்றமில்லை. 'அதெல்லாம் கிடையாது' என்று சொன்ன மனுஷர்தான்.

சாமுவேலுக்குப் பொறுக்கவில்லை. சொன்னதைச் செய்தால்கூடப் போகட்டும். சொல்லாத ஓட்டையையும் எடுத்துக் காட்டி அடைத்துக் கொடுக்கிறாளே!

கிருபாசங்கர் போன் பேச வெளியே போனதும் கேட்டே விட்டான்.

"ஏனுங்க, உங்களுக்கு மனசே உறுத்தலீங்களா?"

"அவரு சொல்றாரு, நான் செய்யறேன்."

"நீங்களும் முடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"முடியாதுன்னா ஏன்னு யோசிப்பாருங்க."

"யோசிக்கட்டுமே! உங்களுக்கென்னங்க, காந்திபுரம் ஹாஸ்டல்ல இருந்து பஸ் ஏறி வாரீங்க, போறீங்க. காலனின்னு அட்ரஸ் எழுதறப்ப கை எப்படிக் கூசும்னு உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

சாமுவேல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். தினமும் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். இனி இவளோடு சேர்ந்து ஒரு வாய் இறங்காது என்று தோன்றிவிட்டது அவனுக்கு.

கிருபாசங்கர் திரும்பி வந்தார். "ஆச்சுங்களா அம்மணி? ஒண்ணை விட்டுப் பார்த்துரலாம்." திரையில் அன்றைக்கு வந்த விண்ணப்பங்களை மேலிருந்து கீழே பார்த்தார். "இதோ, பிரவின்குமார். டிப்ளமோ மெக்கானிக்கல். முதல் வகுப்புங்க, பாருங்க! புதுக்காலனி, கோபிசெட்டிபாளையம். இதையே விடுங்க."

"வேற ஒண்ணு எடுக்கட்டுங்களா சார்?"

"ஏனுங்க? இது நல்லாத்தானே இருக்குது."

அவள் தட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்த வரிசையிலிருந்து பிரவின்குமார் காணாமல் போனான்.

"பிரமாதமுங்க!" என்று சிரித்தவர், உடனே முகம் வாடினார். "ஆனா பாவமுங்க, போட்ட பசங்க பதிலுக்குக் காத்துட்டுக் கெடப்பாங்க. இந்த மாதிரி ஒதுங்கற மெயிலுக்கெல்லாம் தானா ஒரு பதில் போற மாதிரி பண்ணிப்போடுங்க. நாலு நல்ல வார்த்தை நீங்களே எழுதுங்க. மனுசனுக்கு மனுசன் மரியாதை கொறையக் கூடாதுங்க."

இளவேனில் எழுதினாள். 'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. தங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.'

அதே மெயிலை மறுபடி விட்டுப் பார்த்தார்கள். பதில் ஒழுங்காகப் போயிற்று. அவளைப் பாராட்டிவிட்டுக் கிருபாசங்கர் சாப்பிடப் போனார்.

அறையில் அவள் மட்டும் இருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா பழனியாத்தாள்.

"கண்ணு, உந்தம்பி பிரவினுக்கு உங்க கம்பெனில இருந்து பதில் வந்துபோச்சு!"

இளவேனில் திரையைப் பார்த்தாள்.

"போட வேண்டாம் போட வேண்டாம்னு நீ தடுத்தியே, நாந்தான் போடுடான்னேன். மதிப்புக்குரிய ஐயான்னு எழுதியிருக்குதாம் கண்ணு! நம்ம காலனில எவனை இதுவரைக்கும் ஐயான்னு எழுதியிருக்கறாங்க? உங்கப்பன் அழுவறாரு. வேலை கெடைச்ச மாதிரித்தானே? ஏங் கண்ணு பேச மாட்டேங்கற?"

"கேக்குதும்மா…"

"அது யாரு எழுதினாங்களோ, அந்தக் கைக்கு ஒரு கொறையும் வரக்கூடாது சாமி!"