சுளுக்குக் கல்லூரி

அவர் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய தலை அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் இருந்தது.

நினைத்ததைவிடக் கனமான தலை.

இரண்டு ஆபரேஷன்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளி. மதிய வெயில் ஓய்வறைச் சோபாவின் பாதிவரை வந்திருந்தது. மூளை அறுவை சிகிச்சைத் துறையின் தலைவர் டாக்டர் வேலாயுதம், பூட்சைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"என்னம்மா, உங்க காலேஜ்ல சுளுக்கு எடுக்கச் சொல்லித் தருவாவளாமே? எங்க, என் கழுத்தக் கொஞ்சம் பாரு."

முப்பது வருட அமெரிக்கா அவருடைய திருநெல்வேலியை ஒன்றும் செய்யவில்லை. கேலியையும்தான்.

அவள் சிரித்தாள். இந்த ஒரு மாதமும் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறாள். வேறு வழி?

அவருடன் ஒரு மாதம் கால் கடுக்க நின்று வேலை செய்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அவருடைய துறையில் மேற்படிப்புக்கு இடம். இடங்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடும். கேட்பவர்கள் ஊர்ப்பட்டவர்கள். அவளுடைய ஆஸ்டியோபதிக் கல்லூரியிலிருந்து இதுவரை ஒருவரும் இங்கே நுழைந்ததில்லை.

எல்லாரும் படிக்கிற மருத்துவத்தைத்தான் அவளும் படித்தாள். கூடுதலாக, எலும்பையும் தசையையும் கையால் தொட்டறிகிற படிப்பு. அந்தக் கூடுதல்தான் குறைச்சலாகப் போய்விட்டது. ஈரோட்டுச் சித்தப்பா போனிலேயே கேட்டார், அது முழு டாக்டரா அரை டாக்டரா என்று.

இன்று கடைசி நாள்.

விரல்கள் கழுத்தில் இறங்கின. இடது பக்கம் ஒரு முடிச்சு. அது கரைந்தது.

"ம்," என்றார் அவர். ஒரு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

பிறகு, பழக்கத்தில், கைகள் தாமாக மண்டையின் அடியில் போய் நின்றன.

உயிருள்ள தலைக்குள் ஒரு அசைவு இருக்கும் என்று அவளுடைய கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூச்சு அல்ல. நாடி அல்ல. மிக மெதுவாக எழும்பும், மிக மெதுவாக அடங்கும். மற்ற கல்லூரிக்காரர்கள் கதை என்பார்கள். வகுப்பிலேயே பாதிப் பேர், தெரியாமலே தெரிகிறது என்று சொல்லித் தேர்வில் தப்பித்தவர்கள்.

அவளுக்கு உண்மையாகவே தெரியும். குழந்தைகளிடம், கிழவர்களிடம், நினைவு தப்பிக் கிடந்தவர்களிடம்கூடத் தெரிந்திருக்கிறது.

முதல் வருடம், உடற்கூறு மேசையில் கிடந்த பிணத்தின் தலையில் ஒருமுறை விளையாட்டாகக் கைவைத்துப் பார்த்தாள். அங்கே மட்டும்தான் இல்லை.

இங்கேயும் இல்லை.

காத்திருந்தாள். அவர் மூச்சு விட்டார். கழுத்தில் நாடி நன்றாக அடித்தது. கொட்டாவிகூட விட்டார்.

இல்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஆபரேஷன் பள்ளி ஆசிரியை ஒருத்திக்கு. காலையில் அந்த அம்மாவின் கணவரிடம், பெரிய டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று சொன்னதே இவள்தான்.

சொன்னால் இடம் போய்விடும். சுளுக்குக் கல்லூரிக்காரி மண்டையைத் தொட்டுக் குறி சொன்னாள் என்று துறையே சிரிக்கும்.

"சார், இன்னைக்கு அடுத்த கேஸை வேற யாராவது பண்ணட்டும்."

"ஏன்?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா. பேரு தெரியாது, அம்புட்டுதான். வருசக்கணக்காச்சு. ஸ்கேன்ல ஒண்ணும் வராது. பசி போச்சு, தூக்கம் போச்சு. கை மட்டும் முன்னவிட நல்லா வேல செய்யுது. நீயும்தான் பாத்தியே."

பார்த்திருந்தாள். அப்படி ஒரு கையை அவள் எங்குமே பார்த்ததில்லை.

"நீ படு," என்றார்.

படுத்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

"எப்படிப் பிடிக்கணும்?"

"அழுத்தக் கூடாது சார். சும்மா ஏந்திக்கிட்டுக் காத்திருக்கணும். மெதுவா எழும்பும். வந்தா உங்க கைக்குத் தெரியும்."

அவர் ஏந்திக்கொண்டார்.

முதல் வருடத்தில் தோழிகள் அவளுடைய தலையைத்தான் கேட்டு வாங்குவார்கள். உனக்குத்தான்டி நல்லா வருது என்பார்கள். அப்புறம் தேர்வுகள் வந்தன, தன் கல்லூரித் தேர்வுகளோடு மற்ற கல்லூரிக்காரர்களின் தேர்வுகளையும் எழுத வேண்டியிருந்தது. யாரும் அவள் தலையைத் தொட்டு வெகு நாளாகிவிட்டது.

கூரை விளக்கு மெலிதாக இரைந்தது.

நர்ஸ் எட்டிப்பார்த்து, நோயாளி தயார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் அசையவில்லை. ஆயிரம் மண்டைகளைத் திறந்த விரல்கள் பொறுமையாக இருந்தன. வந்தால் அவற்றுக்குத் தெரியாமல் போகாது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் அவளுடைய தலையை மெல்லத் தலையணையில் வைத்தார்.

"உனக்கும் வரல. பயப்படாத. இந்தத் துறைல எங்க எல்லாருக்கும் இப்படித்தான்."

பூட்சை மாட்டிக்கொண்டார். தொப்பியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். வாசலில் ஒரு நொடி நின்றார். அவர் குரலில் கேலி இல்லை.

"உன் பேர லிஸ்ட்ல மேல போட்டுருதேன். அடுத்த ஜூலைல வந்து சேந்துரு."

கதவு மூடியது.

இடம் கிடைத்துவிட்டது.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அம்மா போனிலேயே ஓவென்று அழுவாள். அழுதுகொண்டே ஈரோட்டுக்குப் போன் போடுவாள்.

அவளுக்கும் அழுகை வரும். வந்த பிறகு எழுந்துகொள்ளலாம் என்று, படுத்தபடியே காத்திருந்தாள்.