தூக்காத துடுப்பு

பாறைகளில் மோதிச் சீறும் ஆற்றின் முன்னே, ஐந்து பேர் ஒற்றையாள் படகுகளுடன் நின்றார்கள்.

"இறங்கலாம்னு சொல்றவங்க துடுப்பைத் தூக்குங்க!" என்று குழுத்தலைவன் முதலில் தூக்கினான். அடுத்தடுத்து மூன்று துடுப்புகள் எழுந்தன. குழுவில் ஒருத்தியான நர்ஸ் மட்டும் தூக்கவில்லை.

"என்னக்கா, தொடை நடுங்குதா?" என்றான் தலைவன்.

"ஆமா, நடுங்குது. நாலு பேர் தூக்கிட்டா நானும் தூக்கணுமா? முடியாது!"

படகைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரமாக விறுவிறுவென நடந்தாள். கீழே போனதும், யாராவது கவிழ்ந்தால் வீசுவதற்குக் கயிற்றோடு நின்று ஆற்றையே பார்த்தாள். ஒரு படகும் வரவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். நால்வரும் படகைச் சுமந்து நடந்தே வந்தார்கள். முதல் ஆள், தலைவன்.

"நல்லவேளைக்கா! யாராவது வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களான்னு காலையிலேர்ந்து தவிச்சிட்டிருந்தேன்."

"ஏன், உனக்கு வாய் இல்லையா?"